ஊர் இல்லாத பாஷை

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கண்டக்டர் தொண்டை கிழியச் சித்தூர் சித்தூர் என்று கூவினாலும் பலகையை ஒருமுறை படித்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவேன். என் வீட்டுக்காரர் என்னைப் போலீசம்மா என்றுதான் கூப்பிடுவார். அப்படிப்பட்ட நான், எழுபதுகளின் நடுவில், சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் சில சீசன்கள் ஒரு அக்காவுக்கு இடப்பக்கம் நின்று பழம் நறுக்கினேன். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்குத் தெரிந்தது குறைவு, சந்தேகப்பட்டது அதிகம்.

பெயர் வேண்டாம். அவர் மகள் இன்னும் திருப்பதியில்தான் இருக்கிறாள்.

மிஷன் காம்பவுண்டில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள். இருந்தும் அவர் எந்த ஊர்க்காரர் என்பது காம்பவுண்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. புருஷன் எங்கே என்று கேட்ட ஒருத்தியிடம், கோலார் சுரங்கத்தில் செத்துப்போய்விட்டார் என்றார். இன்னொருத்தியிடம், நகரியில் தறி போட்டுக்கொண்டிருந்தார், நெஞ்சுவலி என்றார். ஒரே மனிதர் சுரங்கத்திலும் இருந்திருக்கலாம், தறியிலும் இருந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு ஒரே மகள், எஸ்தர். அவளை நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அக்கா ஓவர்டைமைக்கூட விடாமல் நின்றார். அது மட்டும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மே மாதக் கடைசியில் கம்பெனி வாசலில் லாரிகள் நிற்க ஆரம்பித்தால் ஜூலை வரைக்கும் எங்களுக்கு வேறு உலகம் கிடையாது. கையில் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் மாங்காய்ப் பால் பட்டுத் தோல் வெந்துவிடும். தலையில் துணி, காலடியில் தண்ணீர், நீளமான தகர மேசை. மேசைக்கு ஒரு பக்கம் காம்பவுண்டுத் தமிழ்க்காரிகள், மறுபக்கம் பங்காருப்பாளையம் பக்கத்துத் தெலுங்குக்காரிகள். நாங்கள் தமிழில் சிரித்தால் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று அவர்கள் நினைப்பார்கள். அவர்கள் தெலுங்கில் கிசுகிசுத்தால் நாங்களும் அப்படியே நினைப்போம். எல்லாருக்கும் இரண்டு பாஷையும் தெரியும் என்பதுதான் வேடிக்கை. தெரிந்ததனால்தான் சந்தேகம்.

அக்கா இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் மேசையின் தலைமாட்டில் நிற்பார். பழத்தைக் கையில் எடுத்தால் உடனே நறுக்க மாட்டார். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார். வைத்ததும் கதையைத் தொடங்குவார். எதிரில் யார் கேட்கிறார்கள் என்று பார்க்கவே மாட்டார். சங்கு ஊதினால் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

கதை என்றால் நாம் நினைக்கிற கதை இல்லை. ராஜகுமாரி கிடையாது, சண்டை கிடையாது. மலைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு சீமை. அங்கே உப்புக்காரர்கள், மரத்தில் கூண்டு கட்டி வாழ்கிறவர்கள், ஆற்றங்கரைக்காரர்கள் என்று பலவித ஜனங்கள். ஆளாளுக்கு ஒரு பாஷை. யாருடைய பாஷை யார் வாயில் போய் ஒட்டிக்கொண்டது, எப்போது உதிர்ந்தது என்பதுதான் கதை. தினமும் அதுதான்.

"உப்புக்காரங்ககிட்ட உப்பு வோணும்னா அவங்க பாஷையிலதான் கேக்கணும்" என்பார். "வேற பாஷையில கேட்டா காது கேக்காத மாதிரி குந்திகினு இருப்பாங்க. அதனால சுத்துப்பட்டு ஜனமெல்லாம் அந்தப் பாஷையக் கத்துகிச்சு. அப்பால ஆத்தங்கரைக்காரங்களுக்கு அவங்க மண்ணுலயே உப்பு கெடச்சுது. அவ்ளோதான். பேரன் காலத்துல அந்தப் பாஷ பூட்டுது. வெல பேசற வார்த்த மட்டும் நின்னுது. அதுவும் பொண்ணு பாக்கப் போறப்ப மட்டும் பேசுவாங்க."

"பொண்ணு பாக்கப் போறப்ப எதுக்குக்கா?" என்றேன்.

"அங்கதான பேரம் கீது" என்று அடுத்த பழத்தை எடுத்தார்.

இன்னொரு நாள் கூண்டுக்காரர்கள். அவர்கள் பெண்களைச் சமவெளியில் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார்களுக்குப் புரியாத பாஷையில் பிள்ளையைக் கொஞ்சக் கூடாது என்று அங்கே சட்டம். பிள்ளை அழுதால் அந்தப் பெண்கள் பேசாமல் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். பேசாமல் வளர்ந்த பிள்ளைக்கு அம்மா பாஷை எப்படி வரும்? அந்த ஜனத்தின் பாஷை அப்படித்தான் போனது. இதை அக்கா சொன்னபோது, மாமியாரோடு தீராத வழக்கில் இருந்த ராஜம்மா என்கிற தெலுங்குக்காரி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு ராஜா வந்த கதையும் உண்டு. அவனுக்கு ஒரு ஜனத்தின் பாஷை ரொம்பப் பிடித்துப்போய், நாடு முழுக்க எல்லாரும் அதைத்தான் பேச வேண்டும் என்று தண்டோரா போட்டான். "அப்புறம்?" என்று கேட்டோம். "எல்லாரும் பேசினாங்க. பொய் சொல்றதுக்கு மட்டும் பேசினாங்க" என்றார்.

நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே எனக்கு உள்ளே குடைந்தது. மாமியார் கதை ராஜம்மாவைச் சொன்னது. பேரம் கதை, தங்கைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த என்னைச் சொன்னது. ராஜா யார், சூப்பர்வைசரா? இந்த அம்மாள் எங்கள் எல்லாரையும் வேறு வேஷம் போட்டு எங்கள் முன்னாலேயே நிறுத்துகிறார் என்று எனக்குப் பட்டது. சூப்பர்வைசர் ஊரில் இருக்கிற எல்லாரையும் திட்டுவார், இவரைத் திட்ட மாட்டார். ஒவ்வொரு சீசனும் மேஸ்திரி முதலில் இவர் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்புவார். ஏன் என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

கதைக்கு நடுவே அங்கங்கே அந்த ஜனங்களின் வார்த்தை ஒன்றைப் போடுவார். வயலின் மேல் நகர்ந்து வருகிற மேகத்தின் நிழலுக்கு அவர்கள் கிரோமா என்பார்களாம். வெளியே பளபளவென்று உள்ளே கெட்டுப்போனது எதுவோ அது தெபோ. தூக்கம் கலையாத பிள்ளை லூவே. வெள்ளம் வரும்போது ஆற்றங்கரைக்காரர்கள் கரையில் நின்று அதைப் பார்த்து, இரு, இன்னும் வராதே என்று கெஞ்சுவதற்கு ஸமிரு என்று ஒரு வார்த்தை.

ஒரு வாரம் போனதும், சூப்பர்வைசர் வருவது தெரிந்தால் யாராவது கிரோமா என்றாள். கெட்ட பழம் தெபோ ஆனது. அடுத்து ராஜம்மாவின் புருஷன் தெபோ ஆனான். கூடைக்காரன் பழத்தைக் கொட்ட அவசரப்பட்டால் மேசையே ஸமிரு என்றது. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை என்பதால் யாரும் யார் மேலும் கோபப்படவில்லை. மேசையின் இரண்டு பக்கமும் முதல்முறையாக ஒரே சமயத்தில் சிரித்தது அந்தப் பாஷையில்தான். அடுத்த மேசைக்காரிகள் எங்களிடம் வந்து வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் சூப்பர்வைசரே பின்னால் வந்து நின்று, "கிரோமா ஒச்சிந்தி", கிரோமா வந்தாச்சு என்று தெலுங்கில் பல்லைக் காட்டினார். யாரும் திரும்பவில்லை. அக்கா பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். மறுநாள் கதையில், "அந்த ஜனம் இப்ப அப்பிடிச் சொல்றதில்ல. வரி வாங்கறவன் அந்த வார்த்தையக் கத்துகினான். அதனால பொதச்சிட்டாங்க" என்று சொல்லி, வேறொரு வார்த்தையைக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் பழையதைச் சொன்ன ஒருத்தியை, "இன்னாம்மா சொல்ற, புரியலியே" என்று கேட்டார். நடிப்பு மாதிரியே இல்லை.

அந்தப் பாஷையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் ஒன்றையும் விடவில்லை. எது எப்போது வந்தது, எது எப்போது புதைக்கப்பட்டது, எந்த வார்த்தையோடு எது சேரும் என்பதெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். என்றைக்காவது அவர் தடுக்கி விழுவார், அன்றைக்குப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். நேரடியாகவும் கேட்டேன்.

"இதெல்லாம் நீயா கட்டி வுடறதாக்கா?"

"நான் எங்க கட்டறது. அவங்க பேசறதச் சொல்றேன்" என்றார். இந்த ஒரு பதிலைத் தவிர வேறு பதிலை யாருக்கும் அவர் சொன்னதில்லை.

ஒருமுறை வேலூர் போவதாகச் சொல்லி லீவு எடுத்தார். அன்று திருச்சானூரில் தெரிந்த வீட்டுக் கல்யாணத்துக்காக நானும் லீவு. மத்தியானம் திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கினால், வேலூர் போனவர் அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் மொட்டை போட்ட குடும்பங்கள், மூட்டைகள், எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த ஜனம். நான் ஒரு பழக்கடைப் படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வடக்கத்திக் குடும்பம் ஒன்று ஏதோ பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அவர்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு உதடு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவும் எழுந்து அந்தப் பெஞ்சுக்குப் போனார். என் கல்யாண வீட்டுச் சாப்பாடு போனதுதான் மிச்சம், அவர் எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை.

மறுநாள் மேசையில், "நேத்து வேலூர்ல வெய்யிலாக்கா?" என்று கேட்டேன்.

அவர் கத்தியை நிறுத்தாமல் சொன்னார். "அர்த்தம் தெரியாத பாஷைய ஒரு நாழி சும்மா குந்திக் கேட்டுப் பாரு. யாருக்கு யார் மேல பயம்னு தெரிஞ்சு பூடும். அர்த்தம் தெரிஞ்சா அது தெரியாது."

நான் படுதாவுக்குப் பின்னால் நின்றது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் என் சந்தேகம் தப்பு என்பது பிற்பாடு தெரிந்தது. அவர் திருப்பதிக்குப் போக ஆரம்பித்தது மகளுக்குச் சம்பந்தம் பேசத்தான். மின்சார இலாகாவில் வேலை பார்க்கிற பையன், பழைய மிஷன் குடும்பம். நிச்சயமாகும் வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வேலூர் என்று சொல்லியிருக்கிறார். சம்பந்தம் பேசப் போனவர் பெஞ்சில் எதற்கு உட்கார்ந்தார் என்று கேட்காதீர்கள்.

அதற்குள் அந்தப் பாஷை கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட்டது. காம்பவுண்டுக் குழாயடியில் குடத்தைத் தள்ளுகிறவளைப் பார்த்து ஸமிரு என்றார்கள். பிள்ளைகள் பந்து விளையாடும்போது அதில் வைதுகொண்டார்கள். பழ லாரிக்காரர்கள் சிலர் தெபோவை வேலூர் மண்டி வரைக்கும் கொண்டுபோனதாகக் கேள்வி. எங்கள் போதகர் வீட்டு அம்மாவே தன் கைக்குழந்தையை லூவே என்று கொஞ்சியதை நான் காதால் கேட்டேன். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. அக்கா யாரையும் திருத்தவில்லை. தான் சொன்ன அர்த்தத்துக்கு மேல் வேறு அர்த்தம் ஏறினாலும், சரிதான் என்பதுபோல் கேட்டுக்கொண்டு போவார்.

வினை வந்தது மாதர் கூட்டத்தில். எஸ்தரின் கல்யாணத்துக்கு முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் கோயிலில் வாசித்தாகிவிட்டது. ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பது. மூன்றாவது ஓலை வாசிக்காமல் எங்களில் தாலி ஏறாது. அந்த வாரம் நடந்த மாதர் ஜெபக் கூட்டத்தில் கிருபம்மா ஜெபிக்க எழுந்தாள். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த நேரம். பாவம், ஆண்டவரே ஆண்டவரே என்று தொடங்கியவளுக்கு மேலே வார்த்தை வரவில்லை. தலை கவிழ்ந்து குலுங்கினாள். பிறகு கையை நீட்டிக்கொண்டு, ஸமிரு, ஸமிரு என்று கத்தினாள். எங்கள் மேசையில் கடைசியில் நிற்கிறவள் அவள். வெள்ளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை வேறு எந்தப் பாஷையில் சொல்வாள்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேசையில் நிற்காதவர்களுக்கு வேறு ஒன்று வந்தது. பயம். "அந்நிய பாஷ" என்று என் பின்னால் ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

எங்களுடையது பழைய சபை. பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடி, ஜெபப் புத்தகம் பார்த்து ஜெபித்து, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்கள். ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுகிற சபைகள் அப்போது ஊருக்குள் ஒவ்வொரு தெருவாக வந்துகொண்டிருந்தன. எங்கள் குடும்பங்களில் அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று பிளந்து, ஒருவர் சாவுக்கு ஒருவர் போகாத அளவுக்குப் பகை. அதனால் எங்கள் மூப்பர்களுக்குப் புரியாத சத்தம் எது கேட்டாலும் அந்த நினைப்புதான். கிருபம்மாவிடம் போய் யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்கள். அவள் வெகுளி, அக்காவைக் காட்டினாள். அதற்குப் பிறகு காம்பவுண்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. அக்கா திருப்பதிக்கு ரகசியமாகப் போனது, ஊர் பேரை மாற்றிச் சொன்னது, பாட்டுக்கு வாய் மட்டும் அசைப்பது. அதையெல்லாம் எனக்குத் தெரிந்தவரை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன் என்பதால், மற்றவர்கள் வாயில் கேட்டபோது கசந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் புதுச் சபைகளில் ஒன்றின் பாஸ்டர் சைக்கிளில் வந்து அக்கா வீட்டு வாசலில் நின்று, "சகோதரிக்கு வரம் கெடச்சிருக்குதுன்னு கேள்விப்பட்டோம், ஸ்தோத்திரம்" என்று காம்பவுண்டுக்கே கேட்கும்படி சொன்னார். போதாக்குறைக்கு இது வேறு. சனிக்கிழமை சம்பந்தி திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அவருடைய சொந்தத் தம்பியே புதுச் சபைக்குப் பிரிந்து போனவர். போதகர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த காபியைத் தொடாமல் பேசினார்.

"பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா. ஆனா என் தம்பிய அந்தப் பக்கம் வுட்டுட்டு நான் படற பாடு போதும். இது தெளியாம மூணாம் ஓலைய வாசிக்காதீங்க. தெளியலன்னா இந்தச் சம்பந்தமே வோணாம்."

எஸ்தர் அன்று முழுக்க வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

அடுத்த சீசனில் அந்தப் பாஷை இல்லை. மேசையில் யாரும் அதைப் பேசவில்லை, குழாயடியில் இல்லை, பிள்ளைகள்கூட மறந்துவிட்டார்கள். அக்காவும் அப்போது இல்லை, மகளோடு திருப்பதிக்குப் போய்விட்டார். தமிழ்க்காரிகள் தமிழில் சிரித்தோம், தெலுங்குக்காரிகள் முறைத்தார்கள். சபை விசாரணைக்குப் போய் வந்த பாஷையை மறுபடி வாயில் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த விசாரணை, சம்பந்தி வந்துபோன மறுநாள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடந்தது.

கோயிலை ஒட்டிய அறையில் போதகரும் மூப்பர்களும் உட்கார்ந்தார்கள். மூப்பர்களில் பெரியவர் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. சம்பந்தியும் ஒரு நாற்காலியில். நாங்கள் வெளியே நின்றோம். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"நான்தான் வெளையாட்டுக்குக் கட்டினேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா, முடிஞ்சிடும்" என்றார் போதகர். நல்ல மனிதர், எப்படியாவது முடித்துவிடப் பார்த்தார்.

"நான் கட்டலீங்க ஐயா. அவங்க பேசறதச் சொன்னேன்."

"எவங்க?"

"அந்தச் சீமைக்காரங்க."

மகள் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் இன்னும் சீமையிலேயே நிற்கிறார். எனக்கு உள்ளே போய்க் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. பெரிய மூப்பர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆவியில் பேசுகிற பாஷை என்றால் பேசுகிறவருக்கே அர்த்தம் தெரியாது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் தெரியாது. மனுஷர் பாஷை என்றால் இரண்டு பேருக்கு ஒரே அர்த்தம் தெரிய வேண்டும். எனவே இவர் இங்கே ஒரு வாக்கியம் சொல்லி அர்த்தத்தையும் எங்களிடம் சொல்லட்டும். மேசைக்காரி ஒருத்தி வேறு இடத்தில் இருந்து அதே வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்லட்டும், பார்க்கலாம் என்றார்.

"யாரக் கூப்புடலாம்?" என்றார் போதகர்.

"எதுர் வூட்டுப் பொண்ணு. அதுக்கு எல்லாம் தெரியும்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்தான் ஒரு வார்த்தை பேசியதில்லையே.

என்னைக் கோயிலின் மறுகோடியில், பாடகர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாலிப உபதேசியார் ஒருவர், அக்கா சொன்ன வாக்கியத்தை மறந்துவிடாமல் இருக்க உதட்டை அசைத்துக்கொண்டே, தளும்பும் கிண்ணத்தை ஏந்தி வருகிறவரைப் போல் மெதுவாக நடந்து வந்தார். பின்னாலேயே பெரிய மூப்பரும். உபதேசியார் என் முன்னால் நின்று ஒப்பித்தார். நடுவில் ஒரு வார்த்தையை விழுங்கினார். மறுபடி கேட்டேன். இரண்டாம் முறை முழுதாக வந்தது.

சுலபமாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம் அக்கா. மழை வருகிறது என்றோ, பழம் இனிக்கிறது என்றோ. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட எனக்குச் சந்தேகம் இல்லை. அர்த்தம் பட்டப் பகலாகத் தெரிந்தது. என் இடப்பக்கம் நிற்கிறவள் என்னை நம்புவதில்லை, பழத்தைப் பார்ப்பதைவிட என்னைத்தான் பார்க்கிறாள், ஆனால் பொய் சொல்ல மாட்டாள் என்கிறார் அக்கா.

முதலில் வந்தது வெட்கம். அடுத்து, வழக்கம்போல, இதுவும் ஒரு தூண்டிலோ என்றுதான் தோன்றியது. தெரியாது என்று சொன்னால் என் மானம் தப்பும், எஸ்தரின் கல்யாணம் போகும். மூப்பர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா" என்றார்.

"தெரியுங்க" என்றேன். சொன்னேன். நம்புவதில்லை என்பதையும், பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்பதையும், கடைசியாக, பொய் சொல்ல மாட்டாள் என்பதையும் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினார்.

"அப்பிடியே இருக்குது" என்று மற்றவர்களிடம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் உட்காரும்போதே அவருக்கு வேறொன்று தோன்றிவிட்டது. "இன்னொண்ணும் கீது. அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்றதும் ஒரு வரம்னு வேதத்துல கீதே. ரெண்டு பேருக்கும் வரம் வந்திருந்தா?"

சம்பந்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பக்கத்துல நிக்கறவ என்னிய நம்பலன்னு பரிசுத்த ஆவியானவர் வந்து கோள் சொல்லுவாரா?" என்று கேட்டார்.

மூப்பர் ஒருவர் சிரித்துவிட்டார். பெரிய மூப்பர் சிரிக்கவில்லை. யோசித்தார். "அது மனுஷப் பேச்சுதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா அது நெசமான்னு தெரியணும். நெசம்னா, பக்கத்து பக்கத்துல நின்னு வேல செய்ற ரெண்டு பொம்பளைங்க சமாச்சாரம், அதுல ஆவிக்கு வேல இல்ல. பொய்யின்னா எங்கிருந்து வந்துச்சுன்னு மறுபடியும் பாக்கணும்." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நெசமாவே இவங்கள நீ நம்பறதில்லியா?"

அக்கா சுவரோரம் நின்றிருந்தார். முந்தானை நுனியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே எஸ்தரின் நீலப் புடவை தெரிந்தது.

"இல்லீங்க ஐயா" என்றேன். "ஒரு நாளும் நம்பினதில்ல."

பெரிய மூப்பர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி தலையசைத்தார். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையை வாசித்துவிடலாம் என்றார் போதகர். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வாயை விட்டு வெளியே வரும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.